கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கையைப் பார்க்கிறேன். "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன?" என்பார்கள். எங்கள் தேசூரிலும் அப்படித்தான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையால் எழுதித் தந்தால் இரண்டு முறை கேட்போம். பிரிண்ட் எடுத்துத் தந்தால் மறுபேச்சு இல்லை. சாப்ட்வேர் எழுதும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த நம்பிக்கை ஆபத்தானது.

ஓர் உண்மைச் சம்பவம். 2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த புதிய பூஞ்சைக்கு 'கேண்டிடா ஆரிஸ்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ஆரிஸ் என்றால் காது. பிறகு டில்லி மருத்துவமனைகளில் நோயாளிகளின் ரத்தத்திலேயே இது இருந்தது தெரியவந்தது. ஆனால் கிருமியை அடையாளம் காணும் தானியங்கி மெஷின் இதற்கு 'கேண்டிடா ஹீமுலோனி' என்று வேறு பெயரைச் சொன்னது. மெஷின் பழுதாகவில்லை. அதன் டேட்டாபேஸில் ஆரிஸ் என்ற பெயரே இல்லை. இருப்பதில் நெருக்கமானதைச் சொல்லிவிட்டது! டில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலைய ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்து, 12 நோயாளிகளிடம் இருந்தது ஆரிஸ்தான் என்று 2013-ல் வெளியிட்டார்கள்.

பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். வழக்கமாகத் தரும் புளூகோனசோல் மருந்துக்கு ஆரிஸ் பெரும்பாலும் கட்டுப்படாது. கட்டில், கருவிகள் வழியாக அடுத்த நோயாளிக்கும் பரவும். பெயர் தவறினால் மருந்தும் தவறும். நோயாளியைத் தனியே வைக்கவும் யாருக்கும் தோன்றாது.

ஆரணிப் பக்கம் பட்டுத்தறி பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஜக்கார்டு அட்டையில் துளை போடாத பூ சேலையில் விழாது. டேட்டாபேஸில் ஏற்றாத பெயரும் ரிப்போர்ட்டில் வராது.

இதற்கு இன்டர்நெட் பெரிய உதவி செய்கிறது. உலகெங்கும் படிக்கப்பட்ட டி.என்.ஏ. விவரங்களை 1982 முதல் 'ஜென்பேங்க்' சேர்த்து வைக்கிறது. லேபில் கிருமியின் டி.என்.ஏ.வில் ஒரு பகுதியைப் படித்தால் ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும். அதைக் காப்பி செய்து, 1990-ல் உருவான 'பிளாஸ்ட்' தேடல் பக்கத்தில் பேஸ்ட் செய்து கிளிக் செய்தால், எந்தக் கிருமியோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று வரிசையாகக் காட்டும். கட்டணம் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அரிய பாக்டீரியா, பூஞ்சைகளுக்கென்றே 2013-ல் 'மைக்ரோப்நெட்' என்ற இலவச டேட்டாபேஸைத் தொடங்கியது.

இங்கேயும் கவனம் தேவை. ஜென்பேங்க்கில் ஆய்வாளர்கள் அவரவர் வைத்த பெயரோடு ஏற்றுகிறார்கள். தவறான பெயர்களும் கலந்திருக்கின்றன. முதல் வரியில் வந்த பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நிபுணர் ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

என் கருத்து இதுதான். மெஷின் தரும் ஒவ்வொரு கிருமி ரிப்போர்ட்டிலும், எந்த டேட்டாபேஸ், எந்தத் தேதியில் அப்டேட் ஆனது என்று ஒரு வரி அச்சிட வேண்டும். மருந்து கேட்கவில்லை என்றால், மெஷின் சொன்ன பெயரையே சந்தேகிக்க டாக்டருக்கு அந்த வரி உதவும். நம் நாட்டில் கிடைக்கும் அரிய கிருமிகளின் விவரங்களை நாமும் ஏற்ற வேண்டும். சண்டிகரில் 1986 முதல் நுண்ணுயிர் சேமிப்பகம் இயங்குகிறது. வசதி இல்லாமல் இல்லை.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன? இந்தப் பக்கங்களைத் திறந்து பாருங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் காய்ச்சலுக்கு நீங்களே பெயர் தேடாதீர்கள். அது டாக்டரின் வேலை. இன்னொன்று, உங்கள் ஆன்ட்டி வைரஸ் புரோகிராமும் பெரும்பாலும் பட்டியலை வைத்துத்தான் வேலை செய்கிறது. அப்டேட் செய்யாவிட்டால், புது வைரஸ் உள்ளே இருக்கும்போதே "எல்லாம் சரி" என்று சொல்லும். கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள் என்று இன்றே பார்த்துவிடுங்கள்.