விழுந்த சர்வரைப் பற்றியும் எழுதுங்கள்

பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த ஸ்டேஷன் நெமிலிச்சேரி. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஐடி வேலை என்றாலே இத்தனை காலமும் நெடும்பயணம்தான். மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் அங்கிருந்து தெற்கே மாற வேண்டும். இல்லையென்றால் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர் வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலைக்குச் சுற்ற வேண்டும். வேலை வீட்டுப் பக்கம் வரத் தொடங்கியிருப்பதால் ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடையில் இனி புது டிபிஏக்கள் (தரவுத்தள நிர்வாகிகள்) நிறையப் பேர் உருவாவார்கள். அவர்களுக்குத் தொழிலை யார் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் இந்த இதழில் நாம் பேச வேண்டிய கேள்வி.

செலக்ட், ஜாயின், குரூப் பை போன்றவற்றைச் சொல்லித்தரப் பயிற்சி நிலையங்கள் உண்டு. இன்ஸ்டலேஷனும் பேக்கப் கட்டளையும் பாடத்திலேயே வந்துவிடும். பேக்கப் ஃபைல் இருந்தும் ரெஸ்டோர் ஆகாதபோது, அதிகாலை மூன்று மணிக்கு பிரிட்ஜ் காலில் பதினைந்து பேர் காத்திருக்க, முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அது பட்டவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அதை வெளியே சொல்வதில்லை.

அறிவைக் கைமாற்ற நம் தொழிலில் அதிகாரப்பூர்வமான ஒரு சடங்கு உண்டு: கேடி, அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். ஒருவர் பேப்பர் போட்ட பிறகுதான் அது நடக்கும். ஆறேழு வருடம் ஒரே ப்ரொடக்‌ஷன் சர்வரைக் கட்டிக்காத்தவர், நோட்டீஸ் காலத்தின் கடைசி இரண்டு வாரத்தில், பாதி மனதோடு நாலு மீட்டிங்கில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாக வேண்டும். கேட்பவருக்கோ என்ன கேட்பதென்றே இன்னும் தெரியாது. ரெக்கார்டிங் ஒரு ஃபோல்டருக்குள் போகும். அதை யாரும் திறப்பதில்லை.

ஆர்சிஏ எனப்படும் மூலகாரண அறிக்கைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். நாம் எல்லோரும் எழுதியிருக்கக்கூடிய ஒன்று இப்படி இருக்கும்: "காரணம்: டேட்டாபேஸ் மெதுவாக இயங்கியது. நடவடிக்கை: சர்வீஸ் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது. தொடர்ந்து கண்காணிக்கப்படும்." டிக்கெட்டை மூட இது போதும். ஆனால் உள்ளே நடந்தது வேறாக இருந்திருக்கும். மாதக் கடைசி லோடு முடிந்த பின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அப்டேட் ஆகவில்லை. பத்து வரி வரும் என்று கணக்குப் போட்ட ஆப்டிமைசர் நெஸ்டட் லூப்பைத் தேர்ந்தெடுத்தது. வந்ததோ லட்சக்கணக்கான வரிகள். எக்ஸிகியூஷன் பிளானில் எதிர்பார்த்த எண்ணிக்கையையும் வந்த எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்ததும் சங்கதி புரிந்துவிட்டது. இந்த நான்கு வாக்கியங்களை எழுதியிருந்தால் அடுத்த மாதக் கடைசியில் வேறொருவர் அதே இடத்தில் திணற வேண்டியிருக்காது.

எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு 2017 ஜனவரி 31 நல்ல சாட்சி. கிட்லேப் நிறுவனத்தில் ரெப்ளிகேஷனைச் சரிசெய்து கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், செகண்டரி சர்வரில் இருப்பதாக எண்ணிக்கொண்டு பிரைமரியின் டேட்டா டைரக்டரியை அழிக்கும் கட்டளையை ஓட்டிவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பேக்கப்பைத் தேடினால், அது போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. சர்வர் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுக்கும் பிஜி-டம்ப் கருவியோ 9.2. பதிப்பு ஒத்துப்போகாததால் அந்த வேலை தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் காப்பாற்றியது, ஸ்டேஜிங் வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட். இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5000 ப்ராஜெக்ட்டுகளின் விவரமும் ஏறக்குறைய 700 புதிய பயனர் கணக்குகளும் போயே போய்விட்டன.

இத்தனையும் நமக்குத் தெரிவது அவர்களே சொன்னதால்தான். மீட்புப் பணி நடக்கும்போதே குறிப்புகளைப் பொதுவில் வைத்தார்கள். வேலையை நேரலையாகவும் ஒளிபரப்பினார்கள். பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் கிடையாது, 'குழு உறுப்பினர் 1' என்றுதான் இருக்கும். கை தவறியது ஒருவருடையது என்றாலும், ஒன்றுக்கு ஐந்தாக வைத்திருந்த பாதுகாப்பு வழிகளில் ஒன்றுகூட ஒழுங்காக இயங்காமல் போனது நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். அதைப் படித்த எத்தனையோ பேர் உலகெங்கும் தங்கள் பேக்கப் ஃபைலின் அளவைச் சரிபார்த்திருப்பார்கள். பேக்கப் எடுத்தால் போதாது, ரெஸ்டோர் செய்து பார்த்தால்தான் அது பேக்கப் என்ற பழைய புத்திமதிக்கு அன்றுதான் எல்லோருக்கும் புரியும்படி ஓர் உதாரணம் கிடைத்தது.

இன்னொன்று, 2015 ஜூலையில் நடந்தது. சென்ட்ரி என்ற நிறுவனத்தின் சேவை அமெரிக்க வேலை நேரத்தில் பெரும்பகுதி படுத்துவிட்டது. போஸ்ட்கிரஸில் டிரான்சாக்‌ஷன் எண் 32 பிட் கொண்டது. எண்கள் சுழற்சியாகத்தான் வரும். ஒரு டிரான்சாக்‌ஷனின் கண்ணோட்டத்தில் சுமார் 210 கோடி எண்கள் கடந்த காலம், இன்னொரு 210 கோடி எதிர்காலம். பழைய வரிகளை வேக்யூம் அவ்வப்போது 'ஃப்ரீஸ்' செய்து வைக்காவிட்டால், நேற்று எழுதிய வரி நாளை எழுதப்போவதாகத் தோன்றும். அந்த விபரீதம் நேராமலிருக்க, எல்லை நெருங்கியதும் தரவுத்தளமே எழுதும் வேலையை மறுத்துவிடும். சென்ட்ரிக்கு நேர்ந்தது அதுதான். அவர்கள் உடனே நடந்ததை விளக்கி எழுதினார்கள். மேனுவலில் ஒரு ஓரத்தில் கிடந்த விஷயம் அதன் பின் தொழில்பேச்சாகியது. இன்று டேபிளின் டிரான்சாக்‌ஷன் வயது 20 கோடியைத் தொட்டதும் ஆட்டோவேக்யூம் தானே கிளம்பும் என்பதும், பெரிய டேபிளில் அது பின்தங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் இரண்டு வருட அனுபவம் உள்ளவருக்கே தெரிந்திருக்கிறது. அடிபட்டவர் ஒருவர் வாய்திறந்ததால் வந்த தெளிவு அது.

இப்படி அனுபவத்தைச் சொல்வதும் ஒரு தாராளம்தான். ஆனால் தாராளம் என்றதும் இலவசக் கருவிகளைத்தான் பலரும் நினைப்பார்கள். அதற்கும் குறைவில்லை. நெமிலிச்சேரி பிளாட்பாரத்தில் நிற்பவர் ஒவ்வொருவரின் ஸ்மார்ட்போனிலும் எஸ்கியூலைட் இருக்கிறது. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் அதை வெளியிட்டு, பதிப்புரிமையையே துறந்து பொதுச்சொத்தாக்கிவிட்டார். 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய போஸ்ட்கிரஸ் இன்று எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. எஸ்கியூஎல் சர்வர்க்காரர்களில் ஓலா ஹாலன்கிரனின் இலவசப் பராமரிப்பு ஸ்கிரிப்டைத் தொடாதவர் அரிது. இவற்றை அன்றாடம் தின்று வளர்ந்தவர்கள் நாம். திருப்பிக் கொடுத்தது என்னவென்று கேட்டால் பதில் சுருங்கிவிடுகிறது.

ஆனாலும் நம் மொழியில் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2012 ஜனவரியில் த. சீனிவாசனின் முயற்சியில் 'கணியம்' மின்னிதழ் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுதினார்கள். அதில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' மின்னூலாகவும் வந்து இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. டேபிள் என்றால் என்ன என்பதில் தொடங்கிக் கைபிடித்து அழைத்துப் போகும் நூல். ஆங்கிலத்தில் இப்படி நூறு உண்டே, இது எதற்கு என்று கேட்பவர்கள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிரைமரி கீ அவருக்குக் கடினமே இல்லை. அதை விளக்கும் பத்திதான் கடினம். சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் 1998 முதல் இருந்து வருகிறது. அதன் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. மாணவரும் இருபது வருட அனுபவசாலியும் ஒரே பெஞ்சில் அமரும் இடம் அது.

நாம் ஏன் தயங்குகிறோம்? முதல் காரணம் பயம். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் நம்மை வைத்துக்கொள்வார்களா? இது வெறும் கற்பனைப் பயம் என்று சொல்லிவிட முடியாது. ஆள் கணக்கிலும் டிக்கெட் கணக்கிலும் பில் போடும் தொழில் இது; சம்பளம் குறைந்தவர் கற்றுக்கொண்டதும் சம்பளம் கூடியவரை நகர்த்திய இடங்கள் உண்டு. ஆனால் சொல்லாமல் வைத்துக்கொண்டவர் நிலைமை என்ன? லீவு போட முடியாது. தங்கை கல்யாண மண்டபத்திலும் லேப்டாப் திறந்திருக்கும். இவரை எடுத்தால் சர்வர் நின்றுவிடும் என்று சொல்லியே பதவி உயர்வும் தள்ளிப்போகும். அதனால் இதைத் தனிமனிதரின் பெருந்தன்மைக்கு விட்டுவிடாமல், மேலாளர்கள் அப்ரைசலில் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனை டிக்கெட் மூடினார் என்பதோடு, எந்தெந்த டிக்கெட் மறுபடி வராதபடி எழுதி வைத்தார் என்பதும் ஒரு கேள்வியாகட்டும்.

இரண்டாவது காரணம் கூச்சம். 'இதுகூடத் தெரியாதா' என்ற ஒரு வார்த்தை போதும், கேட்டவர் அடுத்த முறை வாயைத் திறக்கமாட்டார். அந்தக் கேள்விகள்தான் இப்போது ஏஐ கருவிகளிடம் போகின்றன. அவை முகம் சுளிப்பதில்லை. ஆனால் யாரோ எங்கோ எழுதி வைத்ததைக் கொண்டுதான் அவை பேசும். உங்கள் டேட்டா சென்டரில் போன தீபாவளிக்கு முந்தைய இரவு நடந்தது அவற்றுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது காரணம் நியாயமானது: ரகசியம் காக்கும் கடமை. கிளையண்டின் டேபிள் பெயர், ஐபி முகவரி, ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் வாடிக்கையாளர் போன் எண் ஆகியவை நம்முடையவை அல்ல. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்குத் தக்க பாதுகாப்பு தராத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அடுத்தவர் தரவை எடுத்து வைத்துத் தாராளம் காட்ட நமக்கு உரிமை இல்லை. ஆனால் கற்ற பாடத்துக்கு டேபிள் பெயர் தேவையே இல்லை. 'ஆர்டர் டேபிள், 40 கோடி வரி, தேதி நெடுவரிசையின் மேல் ஃபங்ஷன் போட்டதால் இண்டெக்ஸ் உதவவில்லை' என்றால் தொழிலில் இருப்பவருக்கு முழுக்கதையும் புரிந்துவிடும்.

பகிர்வதற்கும் ஒரு நேர்த்தி வேண்டும். எந்தப் பதிப்பு, எவ்வளவு தரவு, எந்தச் சூழல் என்று சொல்லாமல் கொடுக்கும் அறிவுரை ஆபத்தானது. எஸ்எஸ்டி டிஸ்க்கில் சரிப்பட்ட செட்டிங் பழைய சுழலும் டிஸ்க்கில் கழுத்தை அறுக்கும். பலித்த வழியை மட்டும் எழுதினால் பாதி எழுதியதாகத்தான் அர்த்தம். பலிக்காத மூன்று வழிகளையும் அவை ஏன் பலிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனெனில் படிப்பவர் முதலில் அந்த மூன்றைத்தான் முயல்வார்.

இவற்றையெல்லாம் மனதில் வைத்து அடுத்த இதழ் முதல் இரண்டு பக்கங்களை வாசகர்களின் தோல்விக் குறிப்புகளுக்கு ஒதுக்குகிறோம். தமிழிலோ, அலுவலகத்தில் பேசும் கலப்புத் தமிழிலோ எழுதலாம். மொழியை நாங்கள் செப்பனிட்டுக்கொள்கிறோம். நிறுவனப் பெயரும் கிளையண்ட் விவரமும் வேண்டாம். பணி ஒப்பந்தத்தில் தடை இருந்தால் அனுமதி பெற்றுவிட்டு அனுப்புங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் போடமாட்டோம். எப்போது தெரியவந்தது, முதலில் எதைச் சந்தேகித்தீர்கள், எது பலிக்கவில்லை, மீள எவ்வளவு நேரம் ஆனது என்ற நான்கும் இருக்க வேண்டும். அனுபவசாலிகளின் குறிப்போடு புதியவர்களின் கேள்விகளையும் வரவேற்கிறோம். 'இதுகூடத் தெரியாதா' ரகக் கேள்விகளுக்கு முன்னுரிமை. தேர்வு செய்யும்போது நாங்கள் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: அந்தக் குறிப்பைப் படித்தவர் தன் சர்வரில் அன்றைக்கே சரிபார்க்கக்கூடிய ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று.