எனக்கு வழி தெரிந்தால் போதும்

சைக்கிளில் வெளிநாடு போகக் கிளம்பும் ஆண் ஒரு வழிகாட்டிக் கருவி வாங்க நினைத்தால் நாலு கேள்வி கேட்பான். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும்? உச்சிவெயிலில் திரை தெரியுமா? மழை தாங்குமா? போகிற நாட்டின் வரைபடம் உள்ளே இருக்குமா? அதே கருவியை வாங்க ஒரு பெண் போனால், இந்த நாலுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேட்பவள் அவள் இல்லை, வீடு கேட்கிறது: “நீ எங்க இருக்கன்னு எங்களுக்குத் தெரியுமா?”

நான் கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டுக்காரி. வரும் மாசியில் தோழி ஒருத்தியோடு ஒரு பயணம் வைத்திருக்கிறேன். குடிகாட்டிலிருந்து சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வரை ஏறக்குறைய 130 கிலோமீட்டர் மிதிப்பது. அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பல் அது. பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 சாலையில் கண்டி வரை, 321 கிலோமீட்டர். உலகம் சுற்றுபவர்களுக்கு இது ஒன்றுமில்லை. என் வீட்டில் இது பெரிய விஷயம். சண்டை மூண்டது பணத்துக்கோ விடுப்புக்கோ இல்லை. கருவிக்குத்தான்.

“போ, யாரு வேணான்னா? லொகேஷன் ஆன்ல இருக்கணும், அவ்ளோதான்” என்றான் அண்ணன். சென்னையில் சைக்கிள் சாமான் விற்கும் ஒரு கடையில், ஹேண்டில்பாரில் பொருத்தும் கருவி ஒன்றை எடுத்துக் காட்டிய பையனும் இதையேதான் வேறு குரலில் சொன்னான்: “மேடம், இதுல நீங்க எங்க போறீங்கன்னு சார் வீட்லருந்தே பாத்துக்கலாம்.” எந்த சார் என்று கேட்டேன். அவன் சிரித்து மழுப்பினான். பக்கத்தில் இருந்த ஆணிடம் அதே கருவிக்கு அவன் சொன்னது, ஏற்றம் எத்தனை மீட்டர் பாக்கி என்பதை இது முன்கூட்டியே காட்டும் என்று. எனக்கும் அதுதான் வேண்டும். கண்டிக்கு ஏறுகிறவள் நான்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். ஜி.பி.எஸ். கருவி தன் இருப்பிடத்தை யாருக்கும் சொல்வதில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தம் நேரத்தையும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கருவி அதைக் கேட்டு, கணக்குப் போட்டு, தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. அவ்வளவுதான். செயற்கைக்கோளுக்கு என்னைத் தெரியாது. கருவிக்கு இருப்பது காது மட்டும். அதற்கு வாய் வைப்பது சிம் கார்டு, இணையக் கணக்கு, ‘பகிர்’ என்கிற பொத்தான். வழி தெரிந்துகொள்வது ஒரு வேலை. நான் இருக்குமிடத்தை இன்னொருவருக்குத் தெரிவிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ‘பாதுகாப்பு’ என்று பெயர் எழுதி விற்கிறார்கள். ஆண் வாங்கும்போது முதல் வேலைக்காக வாங்குகிறான். நாம் வாங்கும்போது இரண்டாவதற்காக வாங்கவைக்கப்படுகிறோம்.

இதை நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் எங்கள் மாவட்டத்தின் நீதிமன்ற வரலாற்றைப் படிக்கட்டும். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டார்கள். சாதி மாறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். ஊருக்கு முன்னால், மூக்கிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். 2021-ல் கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண் வேறொரு ஊரில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பதை அடித்து, சித்திரவதை செய்துதான் தெரிந்துகொள்ள முடிந்தது. இன்றைக்கு யாரையும் அடிக்க வேண்டாம். நீலப் புள்ளி ஒன்று கையில் இருந்தால் போதும். ‘பொண்ணு எங்க இருக்கா’ என்ற கேள்வியை அன்பாகக் கேட்கும் வீடு, அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்கும் நாள் வராது என்று யாரால் உறுதி கொடுக்க முடியும்?

வராது என்றே வைத்துக்கொள்வோம். என் அண்ணன் நல்லவன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள். பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவு, பக்கத்து வீடு, நண்பன், வேலை கொடுத்தவன். நம் இருப்பிடத்தை யாருக்கு அனுப்பச் சொல்கிறார்கள்? தெரிந்தவர்களுக்கு. சாவிக்கொத்தைத் தேடுவதற்கென்று ஆப்பிள் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஏர்டேக் வில்லையை, முன்னாள் காதலர்களும் கணவர்களும் பெண்களின் காரிலும் பையிலும் ஒளித்துவைத்துப் பின்தொடர்ந்தார்கள். அமெரிக்காவில் பெண்கள் வழக்குப் போடும் அளவுக்கு அது போனது. சாவிக்கும் மனைவிக்கும் கருவியால் வித்தியாசம் பார்க்க முடியாது.

சரி, வழியில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. 2018-ல் புனேயைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்னி, இருபது வயதில், 159 நாளில் ஏறக்குறைய 29,000 கிலோமீட்டர் உலகைச் சுற்றி மிதித்தார். ஸ்பெயினில் கத்தியைக் காட்டி அவரிடம் வழிப்பறி செய்தார்கள். கனடாவில் கரடி துரத்தியது. அவர் முடித்துவிட்டுத்தான் நின்றார். கத்தி வருகிற நேரத்தில் ஆயிரம் மைல் தள்ளி ஒரு வரவேற்பறையில் மின்னும் புள்ளியால் ஆவதென்ன? அந்த நேரத்தில் உதவுவது பக்கத்தில் இருக்கும் மனிதரும், அங்கே எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்ற அறிவும். இலங்கையில் காவல்துறைக்கு 119, ஆம்புலன்ஸுக்கு 1990, பெண்கள் உதவிக்கு 1938. என் அண்ணனுக்கு இந்த மூன்றில் ஒன்றும் தெரியாது. புள்ளியைப் பார்ப்பதற்கு அறிவு தேவைப்படுவதில்லை.

அவசர உதவிப் பொத்தானை நான் எதிர்க்கவில்லை. நம் ஊர் ‘காவல் உதவி’ செயலியில் ஆபத்து என்று பெண் அழுத்தும்போது இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அழுத்துவது அவள் விரல். அதற்கும் இருபத்துநாலு மணி நேரமும் கசிந்துகொண்டிருப்பதற்கும் நிறைய தூரம். வெளிநாட்டு மலையேறிகள் வைத்திருக்கும் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் செய்திக் கருவிகளில் அப்படி ஒரு பொத்தான் உண்டு. கைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் தோழிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன் அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். அதைக் கையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பெண்கள் கோவாவிலும் டெல்லியிலும் விமான நிலையத்திலேயே பிடிக்கப்பட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு இணையக் கடையில் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

டெர்வ்லா மர்ஃபியை நினைத்துக்கொள்கிறேன். அயர்லாந்துப் பெண். பத்தாவது பிறந்தநாளுக்குப் பழைய சைக்கிள் ஒன்றும் உலகப்படப் புத்தகம் ஒன்றும் கிடைத்தன. இந்தியாவுக்கு மிதித்தே போவது என்று அப்போதே முடிவுசெய்தார். போனது 1963-ல், முப்பத்தொரு வயதில். நடுவில் இருபது வருடம் எங்கே போயிற்று? நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் பெரும்பகுதி போயிற்று. பெற்றோர் இறந்த பிறகுதான் முழுப் பயணம். அவரைத் தடுத்தது வழி தெரியாமை இல்லை. காகித வரைபடம் போதுமானதாக இருந்தது. வீட்டுக் கடமை என்ற கயிறு அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது அது கைபேசிக்குள் போய்விட்டதால், ‘இப்பல்லாம் பொண்ணுங்களுக்கு என்ன தடை?’ என்று கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத கதையும் இல்லை. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்டவர்கள் ஊர்வலமாக ஓட்டினார்கள். கல்குவாரித் தொழிலாளி, அங்கன்வாடிப் பணியாளர், கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டியவள் எல்லோரும் அதில் உண்டு. அவர்களைக் கேலி பேசிய ஆண்களுக்குப் புரிந்தது சரிதான்: பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருக்காமல் இவள் போய்விட்டு வந்துவிடுவாள். சைக்கிள் கொடுத்தது அதைத்தான். 2001-ல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கி, பிறகு பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்த இலவச சைக்கிள் எனக்கும் அதைத்தான் கொடுத்தது. அந்த சைக்கிளில் டேங்கர் லாரிகளுக்கு ஓரமாக ஆலப்பாக்கம் வரை போய் வந்த நாட்களில் நான் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

கண்காணிக்க வேண்டுமானால் எங்கள் ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ராத்திரி எந்தக் குழாயிலிருந்து எந்த வாயு வெளியே வருகிறது என்று சிப்காட்டைப் பார்த்து எந்த அண்ணனும் லொகேஷன் கேட்டதில்லை. 2004 வாக்கில் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன நாற்றம் என்று நோட்டில் குறித்தார்கள், காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அழுகிய முட்டை, வெந்த எலும்பு, நெயில் பாலிஷ் என்று நாற்றத்துக்கு நாற்றம் ஒரு பெயர். என் அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் மூக்கை வைத்து இடம் தெரியும். அந்த மாதிரி வரைபடம் எந்தக் கருவியிலும் கிடையாது. மண்ணோடு புழங்குகிறவர்களிடம்தான் இருக்கிறது.

இலங்கைக்கும் இது பொருந்தும். ஏ9-ல் முகமாலை பழைய போர்முனை. அங்கே ஆண்டுக்கணக்காக மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைத் தடவிக் கண்ணிவெடி எடுத்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். திரையில் குறுக்குப் பாதை ஒன்று இருக்கலாம். தரையில் மண்டையோட்டுப் பலகை நிற்கலாம். பலகை சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அதனால் கருவியில் நான் முதலில் அணைக்கப்போவது, வழி தவறினால் தானாகவே புதுப் பாதை போடும் வசதியை. யாழ்ப்பாணத்தில் பெண்கள் சைக்கிளில் போவது அன்றாடக் காட்சி. வழி கேட்டால் தமிழிலேயே பதில் வரும்.

இப்போது என் தேர்வு. புதுக் கைபேசியை ஹேண்டில்பாரில் மாட்டப்போவதில்லை. எந்நேரமும் திரை எரிந்தால் மதியத்துக்குள் பேட்டரி காலி, மழைத்துளி பட்டால் விரல் தொடுவது புரியாது, வண்டி அதிர்வில் கேமரா கெடும். கார்மின் எட்ஜ், வாஹூ மாதிரிக் கருவிகள் வெயிலில் நன்றாகத் தெரியும், பொத்தான் வைத்த மாடல்கள் உண்டு. விலை என் பட்ஜெட்டுக்கு மேல். நேரலைப் பகிர்வுக்கு அவை கைபேசியோடு இணைந்திருக்க வேண்டும். இணைக்காவிட்டால் வாய் மூடிவிடும், வழி மட்டும் காட்டும். நான் எடுத்தது பழைய கார்மின் இட்ரெக்ஸ். கையடக்கம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி இரண்டு போட்டால் 25 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். அந்த பேட்டரி பெட்டிக்கடையில் கிடைக்கும். சிம் கிடையாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம்.

மாணவிகளுக்கு அதுவும் வேண்டாம். வீட்டில் அலமாரியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போதும். சிம்மைக் கழற்றுங்கள், ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வீட்டு வைஃபையில் ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஒரு செயலியில் நாட்டின் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். முதல்முறை இடம் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். பிறகு வேலை செய்யும். பேசுகிற கைபேசி பையின் அடியில் தனியாக இருக்கட்டும். கூகுள் வரைபடத்தில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘இருப்பிடப் பகிர்வு’ பட்டியலைத் திறந்து பாருங்கள். ‘நிறுத்தும்வரை’ என்று யார் பெயராவது இருக்கிறதா? அதை வைத்தது நீங்கள்தானா? யாருக்காவது காட்டியே ஆக வேண்டும் என்றால் வாட்ஸ்அப் நேரலை இருக்கிறது. எட்டு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும்.

அண்ணனோடு இன்னும் ஒத்துப்போகவில்லை. அம்மாவோடு ஒரு ஏற்பாடு ஆகியிருக்கிறது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் கூப்பிடுவேன், நடுவில் அவர் கூப்பிட மாட்டார். ராத்திரி ஒன்பது வரை கூப்பிடவில்லையென்றால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தங்கும் ஊர்களின் பெயர் கேட்டார். சொன்னேன். தினசரிக் காலண்டர் அட்டையின் பின்னால் பேனாவால் எழுதிக்கொண்டார்: சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா. கிளிநொச்சிக்கு எந்த ‘ளி’ என்று கேட்டுத் திருத்திக்கொண்டார்.