‘ஆஸ்பிரேஷனல்’ என்னும் கைகழுவல்

மாவட்டங்களைப் ‘பின்தங்கிய’ என்பது அவமானமாம், ‘ஆஸ்பிரேஷனல்’ (லட்சியமுள்ள) என்பது மரியாதையாம். அத்திபெலேக்குப் பிழைக்க வரும் நம் இளைஞர்களே அந்தச் சொல்லுக்கு நடமாடும் அர்த்தமாம். எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். கூலி, பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் பழைய பாட்டைப் பாடுகிறார்கள் என்று ஒரு நக்கல் வேறு. அத்திபெலேயைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியது அவர்தான். குறுக்கு விசாரணையை நாம் செய்வோம்.

ஜூஜூவாடியைத் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் நுழைந்தால் அத்திபெலே; ஓசூர் சாலையோரம் பட்டாசுக் கடைகள். தீபாவளி நெருங்கினால் பெங்களூருக்காரர்கள் கார் டிக்கி கொள்ளாத அளவுக்கு அள்ளிப்போவார்கள். லாரியிலிருந்து பெட்டி இறக்க, பிரித்து அடுக்க, பார்சல் கட்ட ஆள் வேண்டும். அதற்குத்தான் தருமபுரி, கள்ளக்குறிச்சி, வாணியம்பாடிப் பக்கத்துப் பையன்கள் வந்தார்கள். கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். சீசனில் நாலு காசு பார்க்க வந்தவர்கள். 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை பிற்பகல், சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. மறுநாளுக்குள் 14 பேர் சாவு. அரூர் பக்கத்து அம்மாபேட்டை என்ற ஒரே ஊருக்கு மட்டும் பல சடலங்கள் வந்து இறங்கின. உரிம விதிகள் மீறப்பட்டன என்று கர்நாடக அரசே சொன்னது.

இந்தப் பையன்களிடம் ஆசைக்கு என்ன பஞ்சம்? கட்டுரையாளர் கேலி செய்யும் பாட்டு பழசுதான், ஐயா. வெடிபொருள் சட்டம் 1884இலேயே வந்துவிட்டது. அதை ஒழுங்காகப் பாடவேண்டியவர்கள் பாடவில்லை.

அத்திபெலேயில் விற்பது பெரும்பாலும் சிவகாசிச் சரக்கு. சிவகாசி இருப்பது விருதுநகர் மாவட்டத்தில். 2018 ஜனவரியில் தொடங்கிய நிதி ஆயோக் திட்டத்தின் 112 ‘ஆஸ்பிரேஷனல்’ மாவட்டங்களில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று அது, மற்றொன்று ராமநாதபுரம். திட்டமே வீண் என்று நான் சொல்லவில்லை. சத்துணவு, பள்ளி, தண்ணீர் என்று 49 குறியீடுகளை வைத்து மாவட்டங்களுக்குத் தரவரிசை போடுகிறார்கள்; போடட்டும். ஆனால் 2012 செப்டம்பரில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்த மண் அது. ‘பின்தங்கிய’ என்றால், யார் பின்னுக்குத் தள்ளியது என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ‘ஆஸ்பிரேஷனல்’ என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. முன்னேறாவிட்டால் உனக்கு ஆசை போதவில்லை, அவ்வளவுதான்.

இனி அகராதிக்கு வருவோம். லட்சியம் உள்ளவர் என்று ஒற்றை அர்த்தத்தோடு கட்டுரையாளர் நிறுத்திக்கொண்டார். விளம்பரக்காரர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்: வாங்க வக்கில்லாதவனையும் ஏங்கவைக்கும் சரக்கு எதுவோ அதுதான் ‘ஆஸ்பிரேஷனல்’. உலக அமைப்புகளின் தீர்மானங்களில் அர்த்தம் இன்னும் பச்சையானது. சர்வதேச விமானப் போக்குவரத்தின் கார்பன் உமிழ்வை 2050க்குள் நிகர பூஜ்யமாக்குவது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2022இல் ஓர் இலக்கை ஏற்றது. அதற்கு இட்ட பெயரிலேயே ‘ஆஸ்பிரேஷனல்’ உண்டு. தனித்தனி நாடுகள் மீது இது எந்தக் கடமையையும் சுமத்தாது என்று தீர்மானத்திலேயே எழுதியும் வைத்தார்கள். நடந்தால் நல்லது, நடக்காவிட்டால் யாரும் பொறுப்பில்லை என்பதற்கு அதிகாரிகள் கண்டுபிடித்த நாகரிகமான சொல் அது. விருதுநகருக்கும் அம்மாபேட்டைப் பையன்களுக்கும் மரியாதை என்று கட்டுரையாளர் சூட்டி மகிழ்வது அதைத்தான்.