புருவம் எந்தக் கோயிலுக்கு?

எங்கள் ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். 'எந்தக் கோயில்?' என்பார்கள். அடுத்த கேள்வி, 'பிரசாதம் எங்கே?'

ஊர், பசுவந்தனை. பசு வந்து சிவனை வணங்கியதால் அந்தப் பெயர் என்கிறது தலபுராணம். கைலாசநாதர் கோயில் உண்டு, தெப்பக்குளம் உண்டு, சுற்றிலும் கண்ணுக்கெட்டின தூரம் கரிசல் உண்டு. இங்கிருந்து தினமும் பஸ் பிடித்து கோவில்பட்டியில் ஒரு ஆபீஸுக்குப் போய் கணக்கு எழுதிவிட்டு வருகிறவன் நான். வயது 29. பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமயத்தில்தான் கழுத்தில் ஒரு கட்டி வந்தது.

'நெறி கட்டியிருக்குய்யா' என்று அம்மா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினாள். ஒரு மாதம் மஞ்சக் கழுத்தோடு ஆபீஸ் போனேன். கட்டி அசையவில்லை. மதுரைக்குப் போய், ஊசி குத்தி, சதை வெட்டி, ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், 'ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா' என்று எழுதிக் கொடுத்தார்கள். நெறியில் வருகிற புற்றுநோய். 1832-ல் தாமஸ் ஹாட்ஜ்கின் என்கிற இங்கிலாந்து டாக்டர் விவரித்தது. இருநூறு வருஷம் கழித்துப் பசுவந்தனைக்கு வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

டாக்டர், 'கேன்சர்ல எதையாவது ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னா, இதை எடுத்துக்கலாம் தம்பி. முழுசாக் குணமாக நிறைய வாய்ப்பு இருக்கு' என்றார். எனக்கு என்னவோ, தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஜலதோஷத்தை எடுத்துக்கொள்வேன் என்று தோன்றியது. சொல்லவில்லை. பிற்காலத்தில் குழந்தை பிறப்பது பற்றியும் அன்றைக்கே கேட்டார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார் என்பதற்காக அவருக்கு என் நன்றி.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, மொத்தம் பன்னிரண்டு தடவை, நாலு மருந்துகள். அதில் ஒன்று ரோஸ் மில்க்கைவிடச் சிவப்பாக இருக்கும். ஏற்றின அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பு. அட்ரியாமைசின். இத்தாலியில் காஸ்டல் டெல் மாண்டே என்கிற பழைய கோட்டைப் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. ஏட்ரியாட்டிக் கடல் பக்கம் என்பதால் அந்தப் பெயர்.

இன்னொன்று வின்பிளாஸ்டின். இதன் கதை நமக்குக் கிட்டத்தில் வருகிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. அதுதான் ஸார், சுடுகாட்டுப் பூ என்று நாம் தலையில் வைக்காமல் ஒதுக்குகிற ஊதாப் பூ. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்று இரண்டு பேர், ஜமைக்காவிலிருந்து வந்த இதன் இலையைச் சர்க்கரை வியாதிக்கு ஆகுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளுக்கு ரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. விடாமல் பின்தொடர்ந்து 1958-ல் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். நம் தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். ஒரு டன் காய்ந்த இலைக்கு மருந்து கிராம் கணக்கில்தான் தேறும். எங்கள் பக்கத்து இலை எங்கெங்கோ சுற்றி, பாட்டிலாகி, மதுரையில் என் கையில் இறங்கியிருக்கக் கூடாதா? இருக்கட்டும் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். படுத்துக்கொண்டு சொட்டுகளை எண்ணும்போது இப்படி ஏதாவது வேண்டியிருக்கிறது.

நிற்க. முடிக்கு வருகிறேன்.

மூன்றாவது வாரம் தலையணையில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் தலையணைக்கு என்னைவிட அதிக முடி. பம்ப்செட்டில் குளித்தால் வாய்க்காலில் முடி மிதந்து போகிறது. வலியே இல்லை என்பதுதான் கொடுமை. பிடித்து இழுத்தால் பொங்கலுக்குப் பூளைப்பூ உருவுகிற மாதிரி வந்துவிடுகிறது.

ஏன் முடியைப் போய்ப் பிடிக்கிறது? டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் பத்துக்கு எட்டரை, ஒன்பது எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கீமோ மருந்துக்கு ஆளைத் தெரியாது. எந்த செல் வேகமாகப் பெருகுகிறதோ அதை அடிக்கும். கேன்சர் செல்லும் வேகம், முடி வேரும் வேகம். கலாட்டா பண்ணினவனைப் பிடிக்க வந்த போலீஸ் டீக்கடையில் நின்றவனையும் சேர்த்து வேனில் ஏற்றுவதில்லையா, அப்படி. ஆனால் வேருக்குச் சற்று மேலே ஓரமாக, அவசரப்படாமல் தூங்குகிற மூல செல்கள் சில இருக்கின்றன. அவை பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. பின்னால் முடி முளைப்பது அவற்றின் தயவில். சோம்பேறிகளுக்கும் உலகத்தில் ஒரு உபயோகம் உண்டு என்று எங்கள் மேனேஜர் தெரிந்துகொள்வது நல்லது.

தலையைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தைக் குறைத்து முடியைக் காப்பாற்றுகிற தொப்பி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 2015 டிசம்பரில் அனுமதி கொடுத்தார்கள். என் மாதிரி வியாதிக்குப் பொதுவாக அதைப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சலூன் அண்ணாச்சியை வீட்டுக்கே கூப்பிட்டோம். 'கத்தி வேண்டாம், மிஷின் போடுங்க. கீறல் விழுந்தா சீக்குப் பிடிக்கும்' என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மிஷின் போட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

'முளைக்கட்டும் தம்பி. சேத்து வாங்கிக்கிடுதேன்.'

ஊருக்கு அம்மா ஒரு கதை தயார் பண்ணினாள். திருச்செந்தூர் மொட்டை! கதை பிரமாதம். ஆனால் பாருங்கள், திருச்செந்தூர் என்றால் பன்னீர் இலை விபூதி வேண்டுமே? வருகிறவர்கள் எல்லாம் கையை நீட்டுகிறார்கள். மொட்டை அடித்தது வீட்டுத் திண்ணையில். விபூதிக்காக அப்பா தனியாகத் திருச்செந்தூர் போய் வந்தார். அதுவும் இரண்டு தடவை.

மூன்றாவது மாதம் புருவம் போனது. இமையும் பாதி. கண்ணாடியில் பார்த்தால் அழித்துவிட்டு மறுபடி எழுத மறந்த சிலேட்டு மாதிரி ஒரு முகம். மறுநாள் எதிர்வீட்டுப் பெரியம்மா திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள்.

'எய்யா, முடி திருச்செந்தூருக்கு. புருவம் எந்தக் கோயிலுக்கு?'

அம்மா உடைந்துவிட்டாள். அத்தனை மாதமும் அழாதவள் அன்றைக்குத் தெருவே கேட்க அழுதாள். பெரியம்மா அவளைத் திட்டினாள். 'கூறுகெட்டவளே, இதையாளி மறைப்பாக? ஒத்தையில கிடந்து சீரழிஞ்சிருக்கியே!' என்று ஏசிவிட்டுப் போனவள், அன்று ராத்திரியே நாட்டுக்கோழி ரசத்தோடு வந்தாள். அதற்குப் பிறகு யாரும் விபூதி கேட்கவில்லை. மதுரைக்குத் துணைக்கு வர ஆள்தான் போட்டி போட்டு வந்தார்கள்.

ஆபீஸில் சக ஊழியர் யுவராஜ் சிங் போட்டோவைக் காட்டினார். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன். மறு வருஷம் அமெரிக்காவில் கீமோ, பளபள மொட்டை. 2012 செப்டம்பர் 11, நம் சேப்பாக்கத்தில் நியூஸிலாந்துக்கு எதிராகத் திரும்ப வந்து ஆடினார். ஒரு ரன்னில் தோற்றோம், ஆனால் யாருக்கும் அது ஞாபகமில்லை. அவர் நடந்து வந்ததுதான் ஞாபகம். நானும் அந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். ஹெல்மெட் போட்டுவிட்டார்.

ஆவணியில் கடைசி ஊசி. ஸ்கேன் சுத்தம் என்றார்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் தலையைத் தடவின தங்கச்சி, 'அண்ணே, பூனைக்குட்டி மாதிரி இருக்கு' என்றாள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற, நிறமில்லாத பஞ்சு. ஐப்பசி மழை விழுந்து விதைத்தவர்களின் காட்டில் உளுந்தும் பாசியும் தலைகாட்டின அதே வாரத்தில் என் தலையிலும் கறுப்புத் தெரிந்தது. அப்பா காட்டைப் பார்த்துவிட்டு வந்து, கால்கூடக் கழுவாமல் என் தலையைப் பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையசைப்பு.

இதற்குள் வைத்தியம் சொல்ல ஊரே திரண்டுவிட்டது. கரிசலாங்கண்ணித் தைலம், சின்ன வெங்காயச் சாறு, செம்பருத்தி. வெங்காயச் சாறு தேய்த்துக்கொண்டு பஸ் ஏறினேன், பக்கத்து சீட் காலியாகவே வந்தது. டாக்டர் சிரித்தார். 'அதெல்லாம் வேண்டாம். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர். அதுக்கு மேல அவசரப்படுத்த முடியாது. தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ, வேற சில மருந்தா இருந்தாலோதான் முளைக்காமப் போறது.'

அவர் சொல்ல மறந்தது ஒன்று. என் முடி கோரைப்புல் மாதிரி நீட்டு முடி. முளைத்தது சுருட்டை! நெளிநெளியாக, எங்கள் வம்சத்திலேயே இல்லாத சுருட்டை. நிறைய பேருக்கு அப்படித்தானாம். சிலருக்கு நிறமே மாறுமாம். ஒரு வருஷம் போனால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுமாம். ஆதார் அட்டையில் ஒருத்தன், நேரில் ஒருத்தன்.

தை பிறந்ததும் தரகர் வந்தார். எட்டயபுரத்தில் ஒரு இடம். 'முடிதான் வந்துருச்சே. அவுககிட்ட மூச்சு விடாதீக. பழைய போட்டோவையே குடுத்துருதேன்.' அம்மா என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. ஆனால் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மதுரைக்குச் செக்கப் போகவேண்டியவன், கட்டினவளிடம் எந்தக் கோயிலுக்குப் போவதாகச் சொல்வேன்?

பெண்ணின் அப்பாவுக்கு நானே போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. 'சரி தம்பி, வச்சிருதேன்' என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது வாரம் ஆபீஸ் வாசலில் அவரே நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். புரிந்திருக்காது. எனக்கே புரியாது. பிறகு ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்தார்.

'நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலை. உங்க டாக்டரையும் ஒரு தடவை பாக்கணும். மககிட்ட மறைக்காமச் சொல்லிட்டேன். இப்ப உள்ள போட்டோ ஒண்ணு வேணுமாம் அவளுக்கு.'

சாயங்காலம் நேரே சலூனுக்குப் போனேன். பத்து மாதம் கழித்து அந்த நாற்காலி. அண்ணாச்சி துணியைப் போர்த்திவிட்டு, விரலால் என் சுருட்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

'பழைய பாக்கியும் சேத்து ரெண்டு தலைக் காசு தம்பி. எப்படி வெட்ட? ஒட்ட எடுத்து நீட்டு முடிக்கு விட்டுருவமா?'

'வேண்டாம் அண்ணாச்சி. சுருட்டை இருக்கட்டும். காதோரம் மட்டும் சரி பண்ணுங்க. போட்டோ எடுக்கணும்.'