தெர்மாகோலும் 17 மூடி தண்ணியும்

பிப்ரவரி பொறந்தாலே எனக்கு வயித்துல புளியைக் கரைக்க ஆரம்பிச்சிடும். பரீட்சைக்காக இல்லீங்க, ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்காக. 1928 பிப்ரவரி 28ல சர் சி.வி. ராமன் தன்னோட கண்டுபிடிப்பை அறிவிச்சார், 1987ல இருந்து அந்த நாளை தேசிய அறிவியல் தினமா கொண்டாடறோம். எல்லாம் சரிதான். ஆனா தன் பேரைச் சொல்லி ஊர் முழுக்க இத்தனை தெர்மாகோல் வெட்டுப்படும்னு அந்த மனுஷர் கனவுல கூட நினைச்சிருக்க மாட்டார்.

முதல்ல ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். பெரியவன் அஞ்சாங்கிளாஸ் படிச்சப்போ மழைநீர் சேகரிப்பு மாடல் பண்ணினோம். 'பண்ணினோம்'னு சொல்றது சும்மா ஒரு மரியாதைக்கு. ரிச்சி ஸ்ட்ரீட் போய் குட்டி மோட்டார் வாங்கினது நான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம் கன்னால கையைச் சுட்டுக்கிட்டு ஓட்டு வீடு கட்டினது நான். ஓட்டுக்கு செங்கல் கலர்ல பெயிண்ட் அடிச்சது தங்கமணி. பையன் பத்து மணிக்கே தூங்கிட்டான், பாவம் மறுநாள் ஸ்கூல் இருக்கே!

மறுநாள் ஜட்ஜ் வந்து, "ஏன்பா, ஜல்லிக்கு மேல மணல் போட்டிருக்கே, ரெண்டும் எதுக்கு?"ன்னு கேட்டார். இவன் திரும்பி என்னைப் பார்க்கறான். நான் அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு வடிகட்டற மாதிரி கையை ஆட்டறேன். காஃபி வடிகட்டறேன்னு நினைச்சிருப்பானோ என்னவோ, 'ஙே'ன்னு முழிச்சான். ஆனாலும் மோட்டார் ஓடிச்சு, லைட் எரிஞ்சுது, முதல் பரிசு!

வீட்டுக்கு வந்த மாமா சர்டிபிகேட்டைப் பார்த்து "சபாஷ்டா"ன்னார். பய சொன்னான்: "இல்ல மாமா, இதுல பேர் தப்பா போட்டிருக்காங்க. அப்பா பேர் போட்டிருக்கணும்." கிண்டலெல்லாம் இல்ல. ஏதோ எழுத்துப் பிழையைச் சுட்டிக் காட்டற மாதிரி ரொம்ப இயல்பா சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

அன்னிக்கு அவன் ஸ்டாலுக்குப் பக்கத்துல ஒரு பையன் நின்னான். கையால ஸ்கெட்ச் பேனா வச்சு வரைஞ்ச ஒரே ஒரு சார்ட், எலுமிச்சம்பழத்துல ஆணியும் செம்புக் கம்பியும் செருகின பேட்டரி. அவங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஷிஃப்ட் வேலையாம், யாரும் வரல. ஜட்ஜ் அங்கே அரை நிமிஷம் கூட நிக்கல. அவன் தோத்தது என் பையன் கிட்ட இல்ல மக்களே, 38 வயசுல ஒரு இன்ஜினியர் கிட்ட. இதை நினைச்சா இன்னிக்கும் கூசுது.

கொசுவத்தி முடிஞ்சது.

இப்போ சின்னது நாலாங்கிளாஸ். புண்ணியத்துக்கு இந்த தடவை ரெண்டு வாரம் முன்னாடியே வாட்ஸப்ல சொல்லிட்டாங்க. பழக்க தோஷம், நான் முதல் வேலையா ரெண்டு ஷீட் தெர்மாகோல் வாங்கிட்டு வந்துட்டேன். அதைப் பார்த்ததும் பெரியவன், "வைகை அணைக்கா?"ன்னு நக்கல் விட்டான். சின்னதுக்கு அந்தக் கதை தெரியாது. 2017 ஏப்ரல்ல தண்ணி ஆவியாகறதைத் தடுக்க வைகை அணையில தெர்மாகோல் மிதக்க விட்டதும், காத்து அதையெல்லாம் கரைக்கே தள்ளிட்டு வந்ததும், ஊரே சிரிச்சதும் அண்ணன்காரன் நடிச்சே காட்டினான். எல்லாம் கேட்டுட்டு அவ கேட்டது ஒண்ணுதான்: "அப்போ காத்து அடிக்கலேன்னா தண்ணி குறையாம இருந்திருக்குமாப்பா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்துட்டேன். தங்கமணி முறைச்ச முறைப்புல மூடிக்கிட்டேன். (வாழ்க தங்கமணி!)

நாம சிரிச்சோமே தவிர, யோசனையே அபத்தம்னு சொல்லிட முடியாது. லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு நீர்த்தேக்கத்துல 2015ல 9.6 கோடி கறுப்பு பிளாஸ்டிக் பந்தை மிதக்க விட்டாங்க. வெயில் பட்டு தண்ணியில வேண்டாத ரசாயனம் உண்டாகாம இருக்கத்தான் முக்கியமா அது, கூடவே ஆவியாகறதும் குறையும். காத்துல பறக்காம இருக்க ஒவ்வொரு பந்துக்குள்ளயும் கொஞ்சம் தண்ணி ஊத்தியிருந்தாங்க. இதெல்லாம் அவகிட்ட கடைசி நாள்தான் சொன்னேன்.

ஒரே மாதிரி ரெண்டு ஐஸ்க்ரீம் டப்பா. ரெண்டுலயும் மார்க்கர்ல ஒரு கோடு, கோடு வரைக்கும் தண்ணி. ஒண்ணுல மட்டும் தெர்மாகோல் மிதக்கும். மொட்டை மாடியில வெயில்ல வச்சு, தினமும் சாயங்காலம் குறைஞ்ச தண்ணியை இருமல் மருந்து மூடியால அளந்து கோடு வரைக்கும் ஊத்தணும். ஒரு மூடி 10 மில்லி. மூடி யோசனை அவளோடது. நான் ஸ்கேல் வச்சு அளக்கலாம்னு சொன்னேன், "கோடெல்லாம் பொடிப்பொடியா இருக்குப்பா"ன்னுட்டா.

முதல் நாள் திறந்த டப்பாவுக்கு 9 மூடி, மூடினதுக்கு 4. ரெண்டாம் நாள் சாயங்காலம் மாடிக்குப் போனா, தெர்மாகோல் அடுத்த வீட்டு சன்ஷேடுல கிடக்கு. நம்ம வீட்டு வைகை! உள் அளவுக்குச் சரியா இன்னொண்ணு வெட்டிக் குடுத்தேன். கட்டர் மட்டும் என் கையில, அதுதான் ஒப்பந்தம்.

மூணாம் நாள்தான் வில்லங்கம். திறந்த டப்பாவுக்கு 17 மூடி ஊத்த வேண்டியிருந்தது. சுத்தி எல்லாம் ஈரம், கைப்பிடிச் சுவர்ல ஒரு காக்கா ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்திருக்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி விடு குட்டி, 9னு எழுதிக்கோ. யாருக்குத் தெரியப் போகுது?"

சத்தியமா யோசிச்சு சொல்லல, வாயில தானா வந்துது. ஆபீஸ்ல எத்தனை ரிப்போர்ட் பார்த்திருக்கோம்! அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. "ஆனா 17தானே ஊத்தினேன்"னு சொல்லிட்டு 17னு எழுதி, பக்கத்துல 'காக்கா குளிச்சிருச்சு'ன்னு போட்டா. அப்புறம் பழைய கொசுவலையை எடுத்துட்டு வந்து ரெண்டு டப்பாவையும் மூடினா. தெர்மாகோல் போட்டதுக்கு எதுக்கு வலைன்னு கேட்டேன். "ஒண்ணுக்கு மட்டும் போட்டா போங்கு ஆட்டம்ப்பா." நான் காலேஜ் லேப்ல படிச்சு மறந்துபோன பாடம்.

அடுத்த அஞ்சு நாளும் திறந்ததுக்கு 8, 9. மூடினதுக்கு 3, 4.

நான் சொல்ல வர்றது இதுதான். நாம செஞ்சு குடுக்கற மாடல்ல பசங்க சயின்ஸ் கத்துக்கலைங்கறது கூட பெரிய நஷ்டமில்ல, பின்னாடி கத்துக்கலாம். வேற ஒண்ணு கத்துக்கறாங்களே, அதுதான் பயமா இருக்கு. அடுத்தவன் வேலைக்குக் கீழே நம்ம பேரைப் போடலாம், வர வேண்டிய விடை முன்னாடியே தெரியும், கணக்கு இடிச்சா திருத்திக்கலாம். இதை நாலாங்கிளாஸ்லயே, அதுவும் அப்பா வாயாலயே சொல்லிக் குடுத்துடறோம்.

அதுக்காக 'அவங்களே பண்ணட்டும், நாம கண்டுக்கக் கூடாது'ன்னு கையைக் கட்டி உக்காரவும் முடியாது. ஒன்பது வயசுக் குழந்தைக்கு கட்டர் பிடிக்கத் தெரியாது, ஒரு வாரம் தினமும் ஞாபகமா மாடி ஏறவும் தோணாது. மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம்னு 1972ல 16 பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சு 2002 வரைக்கும் நடத்தினாங்க. கிராமத்துப் பசங்க தாங்களே சோதனை செஞ்சு பார்த்துப் படிச்சாங்க. அங்கே போன அனுபவத்துலதான் அரவிந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வச்சு உருவங்கள் பண்ண ஆரம்பிச்சார். ஆனா அங்கே வாத்தியாருக்கு பயிற்சி குடுத்தாங்க, பள்ளிக்கு சாமான் குடுத்தாங்க. நம்ம ஊர்ல ஒரு மெசேஜ் அனுப்பிட்டா போதும், மிச்சத்தை அப்பாவும் தெர்மாகோல் கடைக்காரரும் பார்த்துக்குவாங்க.

டீச்சர்களையும் குத்தம் சொல்ல மனசு வரல. நாப்பது பிள்ளைகளை வச்சுக்கிட்டு அவங்க என்ன செய்வாங்க? ஆனா ஒண்ணு மட்டும் செலவில்லாம செய்யலாம். மாடலுக்கு மார்க் போடாதீங்க, நோட்டுக்குப் போடுங்க. எலுமிச்சம்பழப் பையனும் அப்போ ஆட்டத்துல இருப்பான்.

கண்காட்சி அன்னிக்கு எங்க ஸ்டால்ல ரெண்டு டப்பா, ஒரு மருந்து மூடி, ஒரு நோட்டு, அவ்ளோதான். ஜட்ஜ் நோட்டைப் புரட்டி, "இது என்னம்மா 17?"ன்னார். காக்கா கதையை மூச்சு விடாம சொன்னா. சிரிச்சார். "வொர்க்கிங் மாடல் ஏதும் இல்லையா?"ன்னு கேட்டுட்டு நகர்ந்தார். நான் இந்த தடவை கையை ஆட்டல, கேன்டீன் பக்கம் நின்னுட்டு இருந்தேன். முதல் பரிசு சீரியல் லைட் போட்ட சந்திரயானுக்கு. நல்லாத்தான் இருந்தது, அந்த அப்பாவுக்கு கை நேர்த்தி ஜாஸ்தி.

வழியெல்லாம் உம்முன்னு வந்தா. பரிசு கிடைக்கலேன்னு வருத்தம் இல்லாம இருக்குமா? ராத்திரி கொஞ்சம் அழுதா கூட. மறுநாள் சாயங்காலம் பார்த்தா மாடியில திரும்பவும் திறந்த டப்பா, வலை இல்லாம. காக்கா ஒரு நாளைக்கு எத்தனை மூடி குடிக்குதுன்னு பார்க்கணுமாம். அதுல வெயில் குடிக்கற 9 மூடியை எப்படிக் கழிக்கறதுன்னு என்னைக் கேட்டா. "நீயே யோசி"ன்னுட்டு கீழே இறங்கிட்டேன்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு பெரியவன் கேக்கறான், "அப்போ என் சர்டிபிகேட்ல பேரை எப்போப்பா மாத்தப் போற?" :-(