காக்கைமேல் ஒரு மனு

பாம்பனில் இந்த வருடம் காக்கையின் மீது கோபம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. எங்கள் தெரு வேப்பமரத்தில் கூடு கட்டிய ஒரு ஜோடி, போகிறவர் வருகிறவர் தலையில் பின்னாலிருந்து வந்து கொத்துகிறது. டியூஷனுக்குப் போன ஒரு பெண்பிள்ளைக்கு ரத்தமே வந்துவிட்டது. மரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுப்பது என்று தெருக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். குற்றம் காக்கையுடையது, தண்டனை மரத்துக்கு! குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மனு எழுதும் வேலை என்னிடம்தான் வரும். நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணத்தை வாசலில் நின்று சொல்லி முடியவில்லை.

முதலில் சட்டம். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. எலி, பழந்தின்னி வௌவாலோடு காக்கையையும் தீங்கு செய்யும் பிராணி என்று அதில் போட்டிருந்தார்கள். கொன்றாலும் கேள்வி கிடையாது. 2022இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. அதே சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அடக்கம். கையெழுத்துப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போடட்டும்.

சட்டம் கிடக்கட்டும். காக்கை முட்டை பொரிக்கப் பதினாறு, பதினேழு நாள். குஞ்சு பறக்க இன்னும் மூன்று நான்கு வாரம். கோபமெல்லாம் அதுவரைக்கும்தான். அந்தக் குஞ்சிலும் ஒன்று குயிலுடையதாக இருக்கலாம், பாவம் அதற்கு என்ன தெரியும். ஒரு மாதம் குடை பிடித்துக்கொண்டு போனால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு, நாற்பது வருட நிழலைக் கொடுக்க வேண்டுமா?

ஆனால் இந்தப் பேச்சை ஒருவரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடற்கரையில் நெத்திலி காயப்போடும் அம்மாள் அவர். மணலில் பரப்பிவிட்டு, கையில் ஒரு குச்சியோடு காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், நாலு காக்கை இறங்கிவிடும். மேலே பருந்து வேறு. "காக்காவுக்குச் சட்டம் இருக்குன்னு சொல்றீங்க ஐயா, என் கருவாட்டுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கடனுக்கு மீன் எடுத்துக் காயவைக்கிறவருக்கு ஒரு கூடை போவது சின்ன நஷ்டமில்லை. தலையில் குட்டு வாங்கிய நாம் போடும் சத்தத்தில் இந்த அம்மாளின் குரல் யாருக்கும் கேட்பதில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லா ஃபொந்தேன் எழுதிய காக்கை நரிக் கதையை மனப்பாடம் செய்து ஒப்பித்த கூட்டம். அங்கே காக்கையின் வாயில் பாலாடைக்கட்டி, நம் பாட்டி கதையில் வடை, பாம்பனில் நெத்திலி. எந்த ஊரானாலும் காக்கை மனிதன் தின்பதைத்தான் தேடி வருகிறது. காட்டில் அதற்கு வேலை இல்லை. மீன் செதிலும் குடலும் பாலிதீன் பையில் கட்டிச் சுவரோரம் எறிகிறோமே, அதுதான் அது குடும்பம் நடத்தும் சம்பளம். சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டே வேலையை விட்டுப் போ என்றால் போகுமா?

கொன்று பார்த்தவர்களும் இருக்கிறார்கள். நம் காக்கை ஆப்பிரிக்கக் கரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கென்யாவில் 2024 முடிவதற்குள் பத்து லட்சம் காக்கைகளை ஒழிப்பதாக அறிவித்தார்கள். சிங்கப்பூரில் வருடக்கணக்காகச் சுட்டார்கள், நிறுத்தினார்கள், 2025இல் மறுபடி தொடங்கினார்கள். பிரான்சின் கடலோர ஊர்களில் கூரைமேல் குடியேறிய கடற்காக்கைகளின் முட்டைகளைப் பொரிக்காமல் செய்ய ஆள் அனுப்புகிறார்கள். வருடா வருடம் அனுப்ப வேண்டியிருக்கிறது.

ராமேஸ்வரத்தில் அமாவாசைக்குப் பிண்டம் வைப்பதையும் இதில் இழுக்கிறார்கள் சிலர். 2025இல் மும்பை தாதரில் புறாவுக்குத் தீனி போடும் இடத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி, பக்தர்கள் அதைக் கிழித்து, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். புறா எச்சம் நுரையீரலுக்குக் கெடுதல் என்பது உண்மைதான். இங்கே அந்தச் சண்டை வேண்டாம். பிதுர்களுக்கு வைக்கும் ஒரு உருண்டைச் சோற்றில் காக்கை பெருகிவிடாது. ஹோட்டல்கள் பின்பக்கம் கொட்டுவதில் பெருகும்.

வேறொரு மனு எழுதியிருக்கிறேன். மீன் இறங்கும் இடங்களில் மூடி போட்ட தொட்டி வேண்டும், அதைத் தினமும் எடுக்க வேண்டும். கருவாடு போடும் பெண்களுக்கு இடுப்பளவு உயரத்தில் பரணும், அதற்கு மேலே ஒரு முழம் தள்ளி இழுத்துக் கட்ட வலையும் வேண்டும். வலை மீனோடு ஒட்டிக் கிடந்தால் காக்கை அதற்கு மேலே உட்கார்ந்தே கொத்தும். இது அந்த அம்மாள் சொல்லிச் சேர்த்தது. முதல் கையெழுத்தும் அவருடையதுதான். தெருவில் இதுவரை மூன்று பேர் போட்டிருக்கிறார்கள்.