காலத்தின் மேல் பழி போடாதீர்கள்

அதிகம் அறியப்படாத ரஷ்ய, உக்ரைனியப் பியானோ இசையைத் தேடிக் கேட்பவர்களை ஏளனம் செய்து சென்ற இதழில் வந்த கட்டுரை, நான்கு தீர்ப்புகளை ஒரே மூச்சில் வழங்கியிருக்கிறது. ஒன்று: காலம் ஒரு சல்லடை, அதில் தங்காமல் போனவற்றைக் குனிந்து பொறுக்குவது வீண் வேலை. இரண்டு: சாய்கோவ்ஸ்கியையும் ரக்மானினோவையும் விட்டால் மிச்சமுள்ளவர்கள் அவர்களைப் பார்த்து எழுதிய போலிகள். மூன்று: உக்ரைனிய இசை என்பது 2022-இல் போர் மூண்ட பிறகு தயாரிக்கப்பட்ட சரக்கு. நான்கு: நல்ல படைப்பு யார் வாசித்தாலும் நன்றாக இருக்கும், எந்தக் கலைஞர், எந்தப் பதிவு என்று ஆராய்வதெல்லாம் மேட்டிமைப் பாவனை.

ஒவ்வொன்றாக வருகிறேன்.

சல்லடை என்கிறார். சலிப்பதற்குத் தானியம் முதலில் களத்துக்கு வந்து சேர வேண்டாமா? வழியிலேயே மூட்டையைக் கொளுத்திவிட்டு, சல்லடையில் ஒன்றும் தங்கவில்லையே என்று கைவிரிப்பது எந்த ஊர் நியாயம்?

உக்ரைனிய இசையமைப்பாளர் வாசில் பார்வின்ஸ்கியை எடுத்துக்கொள்வோம். 1888-இல் தெர்னோபிலில் பிறந்தவர். பிராகில் இசையமைப்பாளர் நோவாக்கிடம் பயின்றவர். லிவிவ் இசைக்கல்லூரியின் தலைவராக இருந்தவர். 1948 ஜனவரியில் சோவியத் அரசு அவரையும் அவர் மனைவியையும் கைது செய்து பத்தாண்டுத் தண்டனையுடன் மொர்தோவிய முகாமுக்கு அனுப்பியது. அவருடைய கையெழுத்துப் பிரதிகள், அவர் தலைமை வகித்த அதே கல்லூரியின் முற்றத்தில் எரிக்கப்பட்டன. 1958-இல் எழுபது வயதில் திரும்பி வந்தவர், எரிந்துபோனவற்றை நினைவிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்தார். 1963-இல் இறந்தார். குற்றமற்றவர் என்ற அறிவிப்பு அடுத்த ஆண்டு வந்தது. அவருடைய பியானோ கான்செர்ட்டோ இன்று நமக்கு இருக்கிறதென்றால், அதன் பிரதி ஒன்று நாட்டுக்கு வெளியே போயிருந்து பல ஆண்டுகள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டதுதான் காரணம். இந்தக் கதையில் காலம் எங்கே வருகிறது? போலீஸ் வருகிறது, தீப்பெட்டி வருகிறது. ரசனையின் தீர்ப்பு மட்டும் எங்குமே வரவில்லை.

இன்னொருவர், செர்கேய் போர்ட்கியெவிச். 1877-இல் கார்கிவ் நகரில், போலந்துப் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தவர். லைப்சிக்கில் லிஸ்டின் மாணவரான ரைசெனாவரிடம் படித்தார். பெர்லினில் பெயர் எடுத்துக்கொண்டிருந்தபோது 1914-இல் போர் வந்தது. ரஷ்யக் குடிமகன் என்பதால் எதிரி நாட்டவராகி வெளியேற்றப்பட்டார். கார்கிவ் திரும்பினார், புரட்சியில் குடும்பப் பண்ணை சூறையாடப்பட்டது. 1920-இல் கப்பலேறி கான்ஸ்டான்டிநோபிள், 1922-இல் ஆஸ்திரியா, 1925-இல் ஆஸ்திரியக் குடியுரிமை. இதோடு முடிந்ததா என்றால் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பதிப்பகங்கள் குண்டுவீச்சுக்கு இரையானபோது, அங்கே இருந்த அவருடைய அச்சுப் பிரதிகளில் பெரும்பகுதி அழிந்தது. இடது கைக்கு மட்டுமாக அவர் எழுதிய இரண்டாம் கான்செர்ட்டோ, முதல் உலகப் போரில் வலக் கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக எழுதப்பட்டது. தாம் கேட்டு எழுதி வாங்கியதைப் பிறர் வாசிக்க விடாதவர் என்று பெயர் வாங்கியவர் விட்கென்ஸ்டைன். 1952-இல் வியன்னாவில் போர்ட்கியெவிச் இறந்தபோது அவர் எழுதியவற்றில் கணிசமான பகுதி கடையிலும் இல்லை, மேடையிலும் இல்லை. ஹ்யூகோ வான் டாலன் என்ற டச்சுப் பியானோ கலைஞர், நண்பர் அனுப்பியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் ஒரு பகுதி பிழைத்தது. விற்பனைக்கே வராத இசைத்தாளை யாரும் வாங்கவில்லை என்பதை மக்கள் நிராகரித்ததற்குச் சான்றாகக் காட்டுகிறார் நம் கட்டுரையாளர்.

சரி, காலமே நீதிபதி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த நீதிபதியின் பெயரில் முன்பு எழுதப்பட்ட தீர்ப்புகளில் ஒன்றைப் பார்க்கலாம். ஆங்கில இசையுலகம் வேதமாகக் கருதிய குரோவ் அகராதியின் ஐந்தாம் பதிப்பு 1954-இல் வந்தது. ஒரு இசையமைப்பாளரின் வெற்றி வெறும் ஜனரஞ்சக வெற்றி, அது நீடிக்கப்போவதில்லை என்று அதில் அடித்துச் சொல்லப்பட்டது. அவர் வேறு யாருமில்லை. கட்டுரையாளர் இன்று சல்லடையில் தங்கிய மணியாகக் காட்டும் அதே ரக்மானினோவ்தான்! இறந்து பதினோரு ஆண்டுகள் ஆன ஒருவருக்கு அகராதி தேதி குறித்தது. கலைஞர்கள் தொடர்ந்து வாசித்தார்கள், ரசிகர்கள் தொடர்ந்து கேட்டார்கள், தீர்ப்பு குப்பைக்குப் போனது. காலம் என்று நாம் சொல்வது, வாசித்தவர்களும் கேட்டவர்களும் செய்த வேலையைத்தான். அந்த வேலை நடக்காத இடத்தில் காலமும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

அடுத்தது போலி என்ற குற்றச்சாட்டு. யார், எந்தப் படைப்பில், எதைப் பார்த்து எழுதினார் என்று கட்டுரையில் ஒரு பெயர்கூட இல்லை. ஆகவே நானே பெயர்களைத் தருகிறேன். மிகோலா லிசென்கோவின் இரண்டாம் ராப்சடி 1877-இல் எழுதப்பட்டது. கோப்சாக் கருவியை மீட்டிப் பாடும் நாட்டுப்புறப் பாணர்களின் நீண்ட, தாளக்கட்டில் அடங்காத ஆலாபனையைப் பியானோவுக்குக் கொண்டுவந்து, அதன் பின் நடனத்தில் பாய்கிற படைப்பு அது. அந்தப் பாணர்களில் ஒருவரான ஒஸ்தாப் வெரெசாயின் பாடல்களைக் கேட்டு, ஆராய்ந்து, எழுதியும் வெளியிட்டவர் லிசென்கோ. 1877-இல் ரக்மானினோவுக்கு நான்கு வயது. நான்கு வயதுக் குழந்தையைப் பார்த்து லிசென்கோ காப்பியடித்தார் என்கிறாரா?

செர்கேய் லியாபுனோவின் பன்னிரண்டு எட்யூடுகள் என்னும் பயிற்சிப் படைப்புகள், 1897 முதல் 1905 வரை எழுதப்பட்டவை. லிஸ்ட் தமது எட்யூடுகளில் பன்னிரண்டு சுருதிகளில் மட்டும் எழுதி நிறுத்தியிருந்தார். மிச்சமிருந்த பன்னிரண்டிலும் லியாபுனோவ் எழுதி வட்டத்தை நிறைவு செய்து, தொகுப்பை லிஸ்டின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். யாரைத் தொடர்கிறேன் என்று முகப்பிலேயே எழுதி வைத்தவரைத் திருடன் என்று பிடிப்பதற்குத் துப்பறியும் திறமை தேவையில்லை. ஆனால் பத்தாவது எட்யூடான ‘லெஸ்கிங்கா’வில் ஒலிக்கும் காகசஸ் மலை நடனத்தின் மூர்க்கத்தை லிஸ்டிடம் தேடினால் கிடைக்காது.

விக்டர் கொசென்கோ, 1896 முதல் 1938 வரை வாழ்ந்தவர். காவோட், சாரபாந்து, பாசகாலியா என்று பழைய நடன வடிவங்களில் பதினொரு எட்யூடுகள் எழுதினார். பரோக் காலத்துச் சட்டகம், அதற்குள் பிந்தைய ரொமான்டிக் காலத்தின் கனத்த ஸ்வரக்கூட்டு. இரண்டும் உரசும் இடத்தில்தான் இந்த இசையின் உயிர் இருக்கிறது. இதுவும் ரக்மானினோவின் போலியா?

போர்ட்கியெவிச் விஷயத்தில் மட்டும் குற்றச்சாட்டுக்குக் கொஞ்சம் முகாந்திரம் உண்டு. ஷோப்பானும் லிஸ்டும் பேசிய மொழியை 1952 வரை அவர் விடவில்லை. நவீன இசை அவருக்கு ஆகாது. ஆனால் புது மொழியைக் கண்டுபிடிக்காதவன் எழுத்தாளனே இல்லை என்றால் நம் நூலகங்களில் முக்கால்வாசியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். புலம்பலையும் ஆறுதலையும் மாறி மாறி அடுக்கிய அவருடைய பதினேழாம் எண் தொகுப்பில், ஆறுதல் என்று தலைப்பிட்ட பகுதிகளிலும் துக்கம் முழுதாக விலகுவதில்லை. கற்றுக்கொண்ட மொழியில் தன் சொந்தத் துயரத்தைச் சொல்லத் தெரிந்தவரின் வேலை அது. ஸ்க்ரியாபினும் தமது பதினோராம் எண் பிரெலூடுகளில் ஷோப்பானின் வரிசையைப் பின்பற்றி இருபத்து நான்கு சுருதிகளில்தான் எழுதினார். அவரை யாரும் போலி என்பதில்லை.

மூன்றாவது தீர்ப்பு அறியாமையின் உச்சம். உக்ரைனிய இசை 2022-இல் தயாரிக்கப்பட்டதாம். 1876-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் எம்ஸ் நகரிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். உக்ரைனிய மொழியில் நூல் அச்சிடுவதற்கும் நாடகம் போடுவதற்கும் மட்டுமல்ல, இசைத்தாளில் ஸ்வரங்களுக்குக் கீழே உக்ரைனிய வரிகளை அச்சிடுவதற்கும் தடை. இல்லாத ஒன்றைத் தடை செய்ய ஒரு பேரரசர் இவ்வளவு சிரமப்படுவாரா? சொற்களுக்குத் தடை விழுந்த மறு ஆண்டே, சொற்களே வேண்டாத பியானோவில் பாணர்களின் குரலை எழுப்பினார் லிசென்கோ. 2022-இல் நடந்தது, காதைத் திருப்பாதிருந்தவர்கள் திருப்பியது மட்டும்தான்.

மறுபக்கம் கொடி நாட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. போர்ட்கியெவிச்சையோ, பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான பெலிக்ஸ் புளூமன்ஃபெல்டையோ ஒரே தேசத்தின் பட்டியலில் அடைக்க முடியாது. புளூமன்ஃபெல்ட் 1863-இல் இன்றைய உக்ரைனின் கொவாலிவ்காவில் பிறந்து, பீட்டர்ஸ்பர்க்கில் படித்து, அங்கே பாரெருக்கும் கீவில் ஹொரோவிட்ஸுக்கும் பியானோ கற்பித்து, 1931-இல் மாஸ்கோவில் இறந்தவர். அவருடைய சகோதரியின் மகனும் பியானோ ஆசிரியருமான நெய்ஹவுஸ் பிறந்தது எலிசவெத்கிராதில். நெய்ஹவுஸின் புகழ்பெற்ற மாணவர்களில் ரிக்டர் பிறந்தது ஜிதோமிரில், கிலெல்ஸ் பிறந்தது ஒடெசாவில். ‘ரஷ்யப் பள்ளி’ என்று கட்டுரையாளர் பெருமையோடு குறிப்பிடும் பியானோ மரபின் வேர்களில் பல இன்றைய உக்ரைனின் ஊர்களில் இருக்கின்றன. எடுத்துக்கொண்ட பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, கொடுத்த ஊரைக் கற்பனை என்பது வசதியான ஞாபகமறதி.

நான்காவது, யார் வாசித்தாலும் ஒன்றுதான் என்பது. இசையைப் பற்றி எழுதுகிறவர் இதைச் சொல்லலாமா? முஸோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ 1874-இல் பியானோவுக்காக எழுதப்பட்டது. அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1886-இல். 1922-இல் ரவேல் அதை இசைக்குழுவுக்கு மாற்றி எழுதிய பிறகுதான் உலகம் அதை அறிந்தது. மூலப் பியானோ வடிவம் எத்தனை பெரியது என்பதை 1958-இல் சோபியா மேடையில் ரிக்டர் வாசித்த பதிவு நிரூபித்தது. ரக்மானினோவின் மூன்றாம் கான்செர்ட்டோ யோசெஃப் ஹோஃப்மனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஹோஃப்மன் அதை மேடையில் வாசிக்கவே இல்லை. 1930-இல் ஹொரோவிட்ஸ் அதைப் பதிவு செய்தார். இன்று போட்டிக்கு வரும் ஒவ்வொரு பையனும் அதைத்தான் வாசிக்கிறான். ஸ்வரங்கள் மாறவில்லை, வாசித்த கை மாறியது.

புளூமன்ஃபெல்ட் 1905-இல் இடது கைக்கு மட்டுமாக எழுதி கோடோவ்ஸ்கிக்குக் காணிக்கையாக்கிய எட்யூடைக் கேளுங்கள். மெட்டு, அடிநாதம், இடையே ஓடும் அலங்காரம் மூன்றையும் ஐந்து விரல்கள் சுமக்க வேண்டும். மெட்டு தனித்துப் பாடாவிட்டால் அது சர்க்கஸ் வித்தையாகிவிடும். ஆசிரியரின் படைப்பை மாணவர் சைமன் பாரெர் வாசித்த பதிவில், ஒரு கை என்ற நினைப்பே கேட்பவருக்கு வராது. ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் சொனாட்டாக்களும் அப்படித்தான். உள்குரல்களைப் பிரித்துக் காட்டத் தெரியாத கையில் அவை சகதி. கிலெல்ஸ் ‘நினைவு’ சொனாட்டாவை வாசிக்கும்போது அதே அடர்த்தி வெளிச்சமாகிறது. மோசமான வாசிப்பைக் கேட்டுவிட்டுப் படைப்பைத் தூக்கிலிடுகிறவருக்கு வாசிப்பு முக்கியமில்லை என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

மேட்டிமைப் பாவனை, நமக்கு எதற்கு இது என்ற கிண்டலுக்கும் பதில் மெட்னரிடமே இருக்கிறது. லண்டனில் நோயும் வறுமையுமாக இருந்த மெட்னரின் படைப்புகளை, அவரையே வாசிக்க வைத்துப் பதிவு செய்ய 1946-இல் பணம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். அப்போது அவர் முப்பதைத் தொடாத இளைஞர். மெட்னர் தமது மூன்றாம் கான்செர்ட்டோவை அவருக்குக் காணிக்கையாக்கினார். 1951-இல் மெட்னர் இறப்பதற்குள் மூன்று கான்செர்ட்டோக்களும் அவர் கையாலேயே பதிவாகிவிட்டன. அதே உடையார் கர்நாடக இசையில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் இயற்றியவர். 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தவர். கீர்த்தனையும் மெட்னரும் ஒரே காதுக்குள் சண்டையில்லாமல் இருந்தன. ஆம், அவர் ராஜா, பணம் இருந்தது. இன்று அந்தப் பதிவுகளைக் கேட்க ராஜாவாக இருக்க வேண்டியதில்லை, கைப்பேசி போதும்.

மறந்துபோன எல்லாமே மாணிக்கம் என்று நான் சொல்லவில்லை. வரவேற்பறை அலங்காரத்துக்கு எழுதப்பட்ட சராசரிச் சரக்கும் இதில் ஏராளம். எது மணி, எது பதர் என்று பிரிப்பது கேட்டவர்களின் உரிமை. லிசென்கோவின் இரண்டாம் ராப்சடி, பாரெர் வாசித்த புளூமன்ஃபெல்ட், 1949-இல் லூயி கென்ட்னர் பதிவு செய்த லியாபுனோவ், நதால்யா ஷ்கோடா வாசித்த கொசென்கோ, கிலெல்ஸின் மெட்னர்: இந்த ஐந்தையும் கட்டுரையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கேட்டு முடித்துவிடலாம். அதன் பிறகு எந்த எட்யூடின் எந்த இடம் யாருடைய போலி, எந்த வாசிப்பு ஏன் சரியில்லை என்று எழுதட்டும். அப்படி எழுதினால் அவரோடு வரிக்கு வரி சண்டை போட நான் தயார். அதுவரை, தமக்குத் தெரியாததையெல்லாம் காலத்தின் கணக்கில் எழுதுவதை அவர் நிறுத்திக்கொள்வது நல்லது.